மூன்றாமவருக்கு இடமில்லை

1925-ஆம் ஆண்டு மும்பைவாசிகள் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி அன்றைய விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் மார்க்கமாகக் குர்லா வரை இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. அதே ஆண்டில்தான், அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி இடம் பிடிக்கின்றன என்பதற்கான விதியை உல்ஃப்காங் பௌலி என்ற இளம் விஞ்ஞானி ஜெர்மனியில் வெளியிட்டார். மின்கம்பியில் ஓடுவதும் அதே எலக்ட்ரான்தான் என்பதால், ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு இரண்டையும் சேர்த்தே நினைக்கத் தோன்றுகிறது.

பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் சோடியத்துக்கு 2, 8, 1 என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஏன் 2, ஏன் 8 என்று கேட்டால் விழிக்கிறார்கள். விஷயம் அவ்வளவு கடினமல்ல.

எலக்ட்ரான்கள் அணுவின் உட்கருவைச் சுற்றித் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடுவதாகப் படம் போடுவார்கள். உண்மையில் அப்படி ஒரு பாதை கிடையாது. எலக்ட்ரான் பெரும்பாலும் காணப்படக்கூடிய பகுதி ஒன்று உண்டு. அதற்குத்தான் ஆர்பிட்டால் என்று பெயர். முதற்கூட்டில் உருண்டை வடிவமான எஸ் ஆர்பிட்டால் ஒன்றே ஒன்று. இரண்டாம் கூட்டில் ஓர் எஸ்ஸும், டம்பெல் வடிவமான பி மூன்றும் உண்டு. மூன்றாம் கூட்டில் இவற்றோடு டி வகை ஐந்தும் சேரும்.

பௌலியின் விதி இதுதான்: ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இருக்க முடியாது, அந்த இரண்டும் எதிரெதிரான தற்சுழற்சி உடையவையாக இருக்க வேண்டும். ஆகவே முதற்கூட்டில் 2, இரண்டாம் கூட்டில் 8. சோடியத்தின் 11-இல் மிஞ்சிய ஒன்று மூன்றாம் கூட்டுக்குப் போகிறது.

சமமான ஆர்பிட்டால்கள் பல இருந்தால் எலக்ட்ரான்கள் முதலில் தனித்தனியே அமரும். பிறகே ஜோடி சேரும். காலிப் பெட்டியில் ஏறுபவர் ஆளில்லாத ஆசனத்தைத் தேடுவது போலத்தான். ஆனால் மூவர் ஆசனத்தில் நாலாமவரையும் அட்ஜஸ்ட் செய்துகொள்வது நம் லோக்கல் ரயில். எலக்ட்ரான் மட்டும் எந்த நெரிசலிலும் அட்ஜஸ்ட் செய்யாது.

தாமிரத்தைப் பாருங்கள். 29 எலக்ட்ரான்கள். வழக்கமான வரிசைப்படி மூன்றாம் கூட்டின் டியில் ஒன்பதும் நான்காம் கூட்டின் எஸ்ஸில் இரண்டும் இருக்க வேண்டும். ஆனால் டியில் பத்தும் நிறைந்து, வெளியே ஒன்றே நிற்கிறது. உலோகத்தில் அந்த ஒன்று சொந்த அணுவை விட்டு உலாவக் கிளம்பிவிடும். ரயிலுக்கு மேலே செல்லும் தாமிரக் கம்பியில் மின்சாரத்தைச் சுமப்பது அதுவே.

இப்படி உலாவும் எலக்ட்ரான்களும் பௌலி விதிக்குக் கட்டுப்பட்டவை என்று கொண்டு, உலோகங்களின் தன்மையை விளக்கியவர் ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்ஃபெல்டு. அவர் 1928-இல் சென்னை வந்தபோது, பிரசிடென்சி கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவரைச் சந்தித்தார். அச்சேறாத அந்தக் கட்டுரையின் பிரதி மாணவர் கைக்குக் கிடைத்தது.

1930 ஜூலை 31 அன்று, 19 வயது சந்திரசேகர் நம் மும்பைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். அவர் சிந்தனை முழுவதும் எரிந்து ஓய்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீன்களைப் பற்றியது. அங்கே எலக்ட்ரான்கள் நெருக்கப்படும்போது, கீழ்ப்படிகள் நிரம்பிவிட்டதால் வேகம் மிகுந்த மேற்படிகளுக்கு ஏற வேண்டியிருக்கிறது. அதனால் எழும் அழுத்தமே விண்மீனைத் தாங்குகிறது. அந்த வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்னவாகும் என்று கப்பலிலேயே கணக்குப் போட்டார். தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று தெரிந்தது. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை. அதற்கு மேல் போனால் வெள்ளைக் குள்ளனாக நிலைக்க முடியாது.

1935 ஜனவரியில், லண்டன் கூட்டத்தில், புகழ்பெற்ற எடிங்டன் இதைக் கேலி செய்தார். சந்திரசேகர் சண்டைக்கு நிற்கவில்லை, கணக்கையும் மாற்றிக்கொள்ளவில்லை. 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் 2, 8, 1 என்று ஒப்பித்தால் ‘சபாஷ்’ என்று அதோடு விட்டுவிடாதீர்கள். ஏன் என்றும் கேளுங்கள். தாமிரக் கம்பிக்கும் விண்மீனுக்கும் பொதுவான விதி அந்த மூன்று எண்களுக்குள் இருக்கிறது.