இழத்தலும் தொலைத்தலும்: ஓர் ஆங்கில வினையும் தமிழ்ப் பொருள் வேறுபாடும்

ஆங்கிலத்தில் ‘லூஸ்’ என்னும் ஒரே வினை, சாவியைத் தொலைத்தல், போட்டியில் தோற்றல், தந்தையை இழத்தல், வழி தவறுதல், உடல் எடை குறைதல் ஆகிய அனைத்தையும் குறிக்கும். தமிழ் இவற்றுக்குத் தனித்தனி வினைகளை ஆள்கிறது. இவற்றுள் மாணவர் பெரிதும் மயங்குவது இழத்தல், தொலைத்தல் ஆகிய இரண்டிலேயே ஆகும். அவ்விரண்டின் பொருள் எல்லையை இக்கட்டுரை விளக்க முனைகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் ஒருவர் பணப்பையைத் தொலைக்கிறார். பை எங்கோ இருக்கிறது, இருக்குமிடம் தெரியவில்லை, தேடினால் கிடைக்கலாம். சூதாடியவரோ பணத்தை இழக்கிறார். அது அவர் உடைமையிலிருந்தே நீங்கிவிட்டது. திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய ‘சூது’, பொருள் போவதை இழத்தல் என்னும் வினையாலும் சுட்டுகிறது. பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் தந்தையைத் தொலைத்த சிறுவன் அவரைத் திரும்பக் காண்பான். தந்தையை இழந்த சிறுவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இரங்கற் கடிதத்தில் இவ்வினைகள் மாறி நின்றால், அது வெறும் சொற்பிழை அன்று, துயருற்றோரைப் புண்படுத்துவதாகும்.

தொலைத்தலில் பெரும்பாலும் கவனக்குறைவு என்னும் குறிப்பும் உண்டு. ‘இளமையை இழந்தான்’ என்பது முதுமையைக் கூறும். ‘இளமையைத் தொலைத்தான்’ என்பது அதனை வீணாக்கியதைக் கூறும். பொறுப்பைத் தம்மேல் ஏற்க விரும்பாதவர் ‘சாவி காணாமற் போயிற்று’ என்பர். அங்கே எழுவாய் சாவியே.

நம் மாணவர்க்கு மலாய்மொழி இதில் ஓரளவே துணைசெய்யும். ‘சாவி ஹிலாங்’ என்பது காணாமற் போனதற்கு நேர். தோல்விக்குக் ‘காலா’, வணிக நட்டத்திற்கு ‘ரூகி’ எனத் தனிச்சொற்கள் உள. ஆயின் ‘கெஹிலாங்கான்’ என்பது பணப்பைக்கும் வரும், தந்தைக்கும் வரும். ஆகவே கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ மும்மொழிச் சூழலில் வளரும் மாணவர், இவ்வேறுபாட்டை மற்ற இருமொழிகளின் வழியாகப் பெற இயலாது. தமிழ் வகுப்பறையே அதனைத் தருதல் வேண்டும்.

எனவே, அகராதிப் பொருளை மனனம் செய்விப்பதினும், மூன்று வினாக்களை எழுப்பச் செய்தல் பயன்தரும்: தேடினால் கிடைக்குமா? கவனக்குறைவு காரணமா? உரிமையோ உறவோ நீங்கிற்றா? முதலிரண்டிற்கும் ‘ஆம்’ எனில் தொலைத்தல். மூன்றாவதற்கு ‘ஆம்’ எனில் இழத்தல். இளமை போன்ற உருவக வழக்குகளில் இரண்டாம் வினா ஒன்றே முடிவுசெய்யும். இவ்வாறு பயின்ற மாணவர், ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், கருத்தை அறிந்து உரிய தமிழ் வினையைத் தேர்வர்.