வாயில்லாச் சீவனும் வளர்ப்போர் கடமையும்

ஊரிலே ஆடு இல்லாத வளவைக் காண்பது அரிது. கொட்டிலில் இரண்டு ஆடுகளைக் கட்டி, பலாக்குழையும் கிளுவங்குழையும் தூக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு வேண்டிய பாலை வீட்டிலேயே கறந்துகொண்ட குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். பிரித்தானியாவில் வாழும் நம்மவருள் சிலருக்கு அந்த ஆசை இன்னும் விட்டுப்போகவில்லை. நகரத்தை விட்டுச் சற்று ஒதுங்கி, வளவுடன் கூடிய வீடு வாங்கியதும் அவர்கள் மனம் நாடுவது 'பிக்மி' எனப்படும் குட்டை ஆட்டையே.

இவ்வாடுகளின் பூர்வீகம் மேற்கு ஆபிரிக்காவும் கமரூன் நாட்டுப் பகுதிகளும் ஆகும். வளர்ந்த ஆடுகூட ஏறத்தாழ 20 அங்குல உயரமே இருக்கும். பிள்ளைகளோடு ஓடி விளையாடும், குணமும் நல்லது. ஆனால் உருவம் சிறிது என்பதால் பொறுப்பும் சிறிது என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். தென் இங்கிலாந்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது இதற்கு நல்ல உதாரணம்.

இக்குடும்பத்தார் ஒரு யூன் மாதத்தில், நான்கு மாத வயதுடைய குட்டிகள் இரண்டை வாங்கினர். ஒன்று மறி, மற்றது கிடாய். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை. காணிக்குரிய இலக்கத்தை முன்கூட்டியே பெற்றனர். காதுகளில் அடையாளத் தகடுகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டனர். செல்லமாக வளர்த்தாலும் இந்நாட்டுச் சட்டத்தில் ஆடு பண்ணை மிருகமே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அறியாதது ஒன்றே. கிடாய்க்குட்டி மூன்று மாதத்திலேயே, சில வேளை அதற்கும் முன்னரே, சினைப்படுத்தும் ஆற்றல் பெற்றுவிடும். மறியும் மூன்று நான்கு மாதத்தில் பருவத்துக்கு வரக்கூடும். பருவம் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை திரும்பும். குட்டை ஆடுகளுக்கு ஆண்டு முழுவதும் திரும்பும். "உடன்பிறந்தவை, சின்னஞ்சிறியவை" என்ற கணக்கெல்லாம் மனிதர் போடும் கணக்கு. ஆடுகள் அதை அறியா.

கந்தசஷ்டி விரத காலத்தில், மகனுடன் வாழ்ந்துவரும் அப்பம்மா ஒருநாள் கொட்டிலுக்குப் போனார். மறியின் வயிற்றைத் தடவி, மடியைத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, இது புல்லுத் திண்ட வயிறில்லை. மறி சினையடா. பாதிக்கு மேலே போட்டுது," என்றார். மகன் நம்பவில்லை. மிருக வைத்தியர் வந்து வயிற்றை ஸ்கான் செய்து பார்த்தபோது அப்பம்மாவின் வாக்கே சரியாயிற்று. ஒரு குட்டி, மூன்றரை மாதம்.

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஓர் ஆண்டாவது நிறைந்து, உடல் நன்றாகத் தேறிய பின்னரே மறியை முதல்முறை கிடாய்க்கு விடுவது முறை. இந்த மறியோ குட்டி ஈனும்போது பத்து மாதத்தையே எட்டியிருக்கும். இடுப்பெலும்பு முற்றாத உடலில் குட்டி சிக்கினால் தாயும் போகலாம், குட்டியும் போகலாம்.

அன்றிரவு அவ்வீட்டில் பெரும் விவாதம் நடந்தது. "கலைக்க ஊசி இருக்குதாம், கேட்டுப் பார்ப்பம்," என்றார் மருமகள். "வயித்திலே இருக்கிறதும் ஒரு சீவன்தானே பிள்ளை. விரத நாளிலே இப்பிடி ஒரு கதையோ?" என்றார் அப்பம்மா. "அப்ப மறியின்ரை சீவன் சீவன் இல்லையோ, அம்மா?" என்று கேட்டார் மகன். கொல்லாமையைப் போற்றும் சமயத்தில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் விடை காணக்கூடிய கேள்வியன்று. வைத்தியர் விளக்கிச் சொன்னார்: கிடாயுடன் கூடிய சில வாரங்களுக்குள் தெரிந்திருந்தால் ஓர் ஊசியோடு முடிந்திருக்கும், தாய்க்கும் பெரிய துன்பம் இராது. இவ்வளவு வளர்ந்த பின் கலைப்பது தாய்க்கே ஆபத்து; கவனமாகப் பார்த்து ஈனச் செய்வதே வழி.

அன்றே கிடாயை வேறு கொட்டிலுக்கு மாற்றினர். தனியே நின்றால் ஆடு வாடிவிடும் என்பதால், அதற்குத் துணையாகக் காயடித்த கிடாய் ஒன்றைத் தேடிப் பிடித்தனர்.

அப்பம்மாவின் அனுபவம் பெரிதும் உதவியது. எனினும் ஊர் வழக்கங்கள் சில இங்கே பொருந்தவில்லை. சினையாட்டுக்கு நிறையத் தீன் வைக்க அவர் விரும்பினார். அளவுக்கு மிஞ்சினால் வயிற்றுக் குட்டி பெருத்து ஈற்றுச் சிக்கலாகும் என்று வைத்தியர் தடுத்தார். அதேசமயம் கடைசி ஆறு வாரங்களில் தீன் குறைந்தாலும் தாய் சோர்ந்து விழுந்துவிடும். ஆகவே நல்ல உலர்புல் எப்போதும். தானியத் தீன் சிறிது சிறிதாக மட்டும். மிஞ்சிய சோறும் பொங்கலும் ஆட்டுக்கு வைப்பது ஊரில் சாதாரணம். இங்கே 2001ஆம் ஆண்டின் கோமாரி நோய்க்குப் பின் அது சட்டப்படி குற்றம். பாலும் நெய்யும் புழங்கும் சைவச் சமையலறைக்கும் இது பொருந்தும். வேலியில் கண்ட குழையை ஒடித்துப் போடுவதும் ஆகாது. யூ மரமும் ரொடொடென்றனும் லோரலும் ஆட்டுக்கு நஞ்சு.

ஈனுவதற்கு நான்கு வாரங்களுக்கு முன் ஏற்புவலிக்கும் குடல் நோய்க்கும் எதிரான தடுப்பூசி போடப்பட்டது. கர்ப்பிணியாக இருந்த மகள் தாய்வீட்டுக்கு வர ஆசைப்பட்டபோது, ஆடு ஈன்று முடியும்வரை கொட்டில் பக்கமே வரக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகக் கூறினார். ஈனும் ஆட்டிலிருந்து தொற்றும் சில நோய்கள் பெண்களின் கருவையும் அழிக்கவல்லன. இதை நம் குடும்பங்கள் அவசியம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

திருவெம்பாவை நாட்களில், ஓர் அதிகாலையில், மறி நிலத்தைக் கிளறிக் கிளறிப் படுத்தெழும்பியது. முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்குமாகக் குட்டி வருவதே முறை. இங்கே ஒரு காலும் மூக்குமே தெரிந்தன. அரை மணி நேரம் முக்கியும் குட்டி நகரவில்லை. இழுக்கப் போன மகனின் கையை அப்பம்மா பிடித்துக்கொண்டார். "இழுக்காதை தம்பி, டொக்டரைக் கூப்பிடு." வைத்தியர் வந்து, மடங்கியிருந்த மற்றக் காலை நேராக்கி, மறி முக்கும்போது பதமாக எடுத்தார். குட்டி உயிரோடு வந்தது. தொப்புளுக்கு அயடின் பூசினர். மறிக்குப் பால் குறைவு. சுரந்த கடும்புப்பாலைக் கறந்து சிறுகச் சிறுகப் போத்தலில் ஊட்டினர். பிறந்த சில மணி நேரத்துக்குள் கடும்புப்பால் வயிற்றுக்குள் போகாவிடில் குட்டி தப்புவது கடினம். பசுவின் இளங்கொடியைப் பால்மரத்தில் கட்டும் ஊர் வழக்கத்தை அப்பம்மா நினைவூட்டினார். இங்கே அதற்கு இடமில்லை. கையுறை அணிந்து எடுத்துப் பையிலிட்டு வைத்தியரிடம் ஒப்படைத்தனர்.

பிறந்தது கிடாய்க்குட்டி. மறியானால் கேட்பார் பலர். கிடாயைக் கேட்பவர் பெரும்பாலும் இறைச்சிக்கே கேட்பர். முருகப்பெருமானுக்கு ஆட்டுக்கடாவும் ஒரு வாகனம் என்று கந்தபுராணம் படித்த வீட்டில், வீட்டு வளவில் பிறந்த குட்டியைக் கத்திக்கு அனுப்ப எவருக்கும் மனம் வரவில்லை. உடன்பிறந்த ஆடுகளுக்குப் பிறந்ததாதலால் இனவிருத்திக்கும் உதவாது. வைத்தியரைக் கொண்டு அதற்கும் தகப்பனுக்கும் காயடித்து, இரண்டையும் தாமே வைத்துக்கொண்டனர். ஆடு பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழும். எண்ணாமல் வந்த குட்டிக்கு அத்தனை ஆண்டுத் தீனும் கொட்டிலும் மருந்தும் இப்போது அவர்கள் கணக்கில்.

ஆடு வாங்க எண்ணும் அன்பர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. மறிகள் இரண்டை வாங்கலாம்; அல்லது காயடித்த கிடாய்கள் இரண்டை வாங்கலாம். கிடாய்க்குட்டி இருந்தால் மூன்று மாதம் ஆகுமுன்னரே பிரித்துக் கட்டவேண்டும். வளர்ந்த மறியை வாங்கினால், அது கிடாயுடன் நின்றதா என்று விற்பவரிடம் கேட்டு, ஐயமிருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். சில வாரங்களுள் தெரிந்தால் வழிகள் பல, பிந்தினால் ஒன்றே.

சீவகாருண்யம் என்பது உண்ணாமலும் கொல்லாமலும் விடுவதோடு முடிவதன்று. நம் கையை நம்பி வந்த வாயில்லாச் சீவனுக்கு எது நேரக்கூடும் என்று முன்கூட்டியே அறிந்து காப்பதும் அதில் அடங்கும்.