ஊர்களை ஒப்பிடும் எண்கள்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளின் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு வினா எழுகின்றது. மேற்படிப்புக்கு மதுரை போதுமா, கோயம்புத்தூருக்குச் செல்வதா, சென்னைக்கே அனுப்புவதா? பெற்றோர் எண்ணிப் பார்ப்பவை இரண்டு: ஒன்று செலவு; மற்றொன்று பாதுகாப்பு. இரண்டிற்கும் அரசாங்கப் புள்ளிவிவரங்கள் உண்டு. ஆனால், ஓர் எண் எதனை அளப்பதற்காகக் கணிக்கப்பட்டது என்பதை அறியாமல் அதனை நம்பினால் தவறான முடிவுக்கே வருவோம்.

முதலில் செலவைப் பார்ப்போம். தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மத்திய அரசு கணித்து வெளியிடுகின்றது. பஞ்சப்படியைக் கணக்கிட உதவுவது இவ்வெண்ணே. 2020 செப்டம்பர் மாதம் முதல் வெளிவந்த வரிசையில் 88 மையங்கள் இடம்பெற்றன. சென்னை, கோவை, சேலம், மதுரை ஆகியவை அவற்றுட் சில. இவ்வரிசையில் 2016ஆம் ஆண்டின் விலைநிலை 100 எனக் கொள்ளப்பட்டது.

அந்த 100 எல்லா ஊருக்கும் பொதுவான தொகையன்று. ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் பழைய விலையே 100 ஆகும். ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஓர் ஊரில் ஓர் அறையின் வாடகை 2,000 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாக உயர்ந்தது; குறியீடு 150. வேறோர் ஊரில் 5,000 ரூபாய் 7,000 ஆயிற்று, குறியீடு 140. எண் சிறியதாயினும் வாடகை மிகுந்த ஊர் இரண்டாவதே அன்றோ! ஆதலின், குறியீட்டெண் ஓர் ஊரை அதன் நேற்றோடு ஒப்பிடுமேயன்றி, பக்கத்து ஊரோடு ஒப்பிடாது.

மேலும், இக்கணக்கு தொழிலாளர் குடும்பத்தின் செலவைத் தழுவியது. அகில இந்திய அளவில் உணவுக்கு அளித்த பங்கு 2001ஆம் ஆண்டு வரிசையில் 46.2 விழுக்காடு, 2016ஆம் ஆண்டு வரிசையில் 39.17. விடுதியில் தங்கும் மாணவரின் செலவு வேறு வகையானது. எனவே விடுதிக் கட்டணம், உணவு, பேருந்து, புத்தகம் என்று ஒரே பட்டியலை எழுதிக்கொண்டு, அதன் விலையை மூன்று நகரங்களிலும் விசாரிப்பதே நேரிய ஒப்பீடாகும்.

இனிப் பாதுகாப்பு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட 19 பெருநகரங்களைத் தனியே அட்டவணைப்படுத்தியது. சென்னையும் கோவையும் அவற்றில் அடங்கும். மதுரை, சுற்றுப்புறம் சேர்த்தும், 15 இலட்சத்தை எட்டாமையால் அதில் இடம்பெறவில்லை. அதனால் மதுரையில் குற்றமே இல்லை என்று கொள்ளலாகாது. பிற இரு நகரங்களும் அஞ்சத்தக்கவை என்றும் சொல்லலாகாது.

மொத்த வழக்குகளை மட்டும் நோக்குவதும் பிழை. பெரிய நகரில் வழக்குகள் மிகுதியாக இருத்தல் இயல்பு. இலட்சம் மக்களுக்கு எத்தனை என்றே கேட்க வேண்டும். அவ்விகிதமும் முழு உண்மையைக் கூறிவிடாது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். அப்போது நிகழும் திருட்டுகள் மதுரைக் கணக்கில் ஏறும். வந்து திரும்பியவர்கள் மதுரையின் மக்கள்தொகையில் சேரார்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஏட்டில் இருப்பவை பதிவான குற்றங்களே. நடந்த குற்றங்கள் அனைத்தும் அல்ல. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் தொடங்கப்பெற்றது. இத்தகைய நிலையங்கள் பெருகும்போது, முன்பு வாய் திறவாதிருந்த பெண்கள் முறையிட முன்வருவர். வழக்கு எண்ணிக்கையும் உயரும். அவ்வுயர்வு அச்சத்தின் அடையாளமா, துணிவின் அடையாளமா? எண் மட்டும் இதற்கு விடை கூறாது.

ஏதோ ஒரு பட்டியலைக் கண்டு அஞ்சி, ஒரு பெண்ணின் கல்லூரிக் கல்வியை நிறுத்திவிடும் குடும்பங்களும் உள்ளன. அவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. கல்லூரியிலிருந்து விடுதி எவ்வளவு தொலைவு? மாலையில் அத்தெருவில் விளக்கு எரிகின்றதா? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? முறையிட்டால் செவிசாய்ப்பவர் உண்டா? மாணவர்களே, புள்ளிவிவரங்களைப் படியுங்கள். பின்னர் இக்கேள்விகளுக்கு விடையை நேரிற்சென்று தேடுங்கள். அதன்பின் ஊரைத் தேர்ந்தெடுங்கள்.