நீரோரம் – 6: நிலவில்லாத இரவுகளின் தொழில்

நிலவு தேய்ந்து இருட்டு நாட்கள் தொடங்கிவிட்டால் விக்டோரியா ஏரிக்கரைக் குடியிருப்புகளில் தொழில் சூடுபிடிக்கிறது. நெத்திலி அளவே இருக்கும் ஒரு வெள்ளி நிறச் சிறுமீன்தான் காரணம். உகாண்டாவில் அதை முகேனே என்கிறார்கள், தான்சானியாவில் டகா, கென்யக் கரையின் லுவோ மக்களுக்கு ஒமேனா. வெளிச்சத்தைக் கண்டால் கூட்டமாக மேலே வரும். படகுகள் பொழுது சாயும்போது கிளம்பி, மிதவைகளில் விளக்கேற்றி நீரில் விட்டு, மீன் சேரும்வரை காத்திருந்து வலை வளைக்கின்றன. முன்பு மண்ணெண்ணெயில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகள். இப்போது வெயிலில் சார்ஜ் ஏறும் எல்.இ.டி. விளக்குகள் பெருகிவிட்டன. நிலவு காயும் நாட்களில் இந்த மீனுக்குப் பாடு கிடையாது.

புயலும் அங்கே இரவில்தான் திரள்கிறது.

பள்ளியில் படித்த கடற்காற்று, நிலக்காற்றுப் பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். விக்டோரியாவின் பரப்பு 68,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டில் பாதியை மூழ்கடித்துவிடும் நீர். பகலில் சுற்றியுள்ள நிலம் சூடாகி ஏரியின் மேலுள்ள காற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. இரவில் நிலம் குளிர்ந்துவிடுகிறது, நீர் அந்த வேகத்தில் குளிர்வதில்லை. நாற்புறமிருந்தும் வரும் நிலக்காற்று ஏரிக்கு மேலே மோதி, ஈரத்தை ஏற்றிக்கொண்டு உயர்ந்து, இடியும் சூறைக்காற்றுமாக இறங்குகிறது. மீன் கிடைக்கும் நேரமும் படகு கவிழும் நேரமும் இப்படி ஒன்றாகிவிடுகின்றன. புவி சூடேறும்போது இந்த இரவுப் புயல்கள் இன்னும் கடுமையாகும் என்று 2016-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு எச்சரித்தது.

மக்கரேரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒலிவ் கோபுசிங்கியேயும் அவர் குழுவினரும் உகாண்டாவின் ஏரியோர மீனவர் குடியிருப்புகளில் நேரில் விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். நீரில் மூழ்கி இறப்போர், லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 502. உலகச் சராசரி சுமார் 4. அதாவது இருநூறு பேர் வாழும் ஒரு குடியிருப்பு ஆண்டுதோறும் ஒருவரை ஏரிக்குக் கொடுக்கிறது. 1996 மே மாதம் ‘எம்.வி. புகோபா’ கப்பல் கவிழ்ந்து எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், 2018 செப்டம்பரில் உகாரா தீவருகே ‘எம்.வி. நியரேரே’ இருநூறுக்கும் அதிகமானோருடன் மூழ்கியபோதும் உலகம் திரும்பிப் பார்த்தது. மூன்று பேர் போன படகு திரும்பாவிட்டால் அது கரையில் ஒரு வீட்டின் துக்கம் மட்டுமே. உடல் கிடைக்காது, பிணவறைக்கும் காவல் நிலையத்துக்கும் செய்தி போகாது, எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஊர் ஊராகப் போய்க் கேட்டால்தான் இந்தச் சாவுகள் எண்ணிக்கைக்குள் வருகின்றன.

மீனவர்களுக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். பலருக்குத் தெரியாது. 1950, 60-களில் ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற பெரிய மீன், 1980-களில் பல்கிப் பெருகியது. அதன் சதை ஐரோப்பியச் சந்தைக்குப் போகத் தொடங்க, கரையோரம் பதப்படுத்தும் ஆலைகள் எழுந்தன. உள்நாட்டு விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஏரிக்கு வந்தார்கள். தண்ணீரோடு வளராதவர்கள், வந்த வேகத்தில் படகேறினார்கள். பிறகு மீன் குறைந்தது. கரையருகே கிடைத்ததைத் தேடி ஆழத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பலகை கோத்த படகு, எப்போது நிற்கும் என்று தெரியாத எஞ்சின், அளவுக்கு மீறிய பாரம். படகு முதலாளியுடையது, ஏறுகிறவனுக்குக் கிடைப்பது மீனில் பங்கு. தரமான உயிர்காப்பு ஜாக்கெட் அவன் கைக்கு எட்டாத விலை.

இப்படி வந்தவர்கள் தனியாக வந்த இளைஞர்கள் என்பதை மறந்துவிட்டால் அடுத்த சாவைப் புரிந்துகொள்ள முடியாது.

உகாண்டாவின் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் 1982-ல் ராக்காய் மாவட்டத்தின் கசென்செரோ என்ற மீனவர் ஊரில் அடையாளம் காணப்பட்டார்கள். ஆட்கள் எலும்பும் தோலுமாக வற்றிப்போனதால் மக்கள் அதை ‘ஸ்லிம்’ நோய் என்றார்கள். டேவிட் செர்வாடா உள்ளிட்ட மருத்துவர்கள் 1985-ல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை அந்தப் பெயரிலேயே வந்தது. முதல் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தும், 2011-13 காலத்தில், ராக்காய் வட்டாரத்தின் மீனவர் ஊர்களில் வயதுவந்தோரில் 38 முதல் 43 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. பக்கத்து விவசாய ஊர்களில் இடைநிலை அளவு 14 சதவீதம்தான்.

இதைக் கேட்டதும் “குடிக்கிறார்கள், கூத்தடிக்கிறார்கள்” என்று சொல்லிவிடுவது எளிது. பல அதிகாரிகளும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். ஆனால் அன்றன்றைக்குக் கையில் பணம், சேமிக்க வங்கி இல்லை, குடும்பம் தொலைவில், மீன் நகர்ந்தால் தானும் கரைவிட்டுக் கரை போக வேண்டிய பிழைப்பு. இன்றிரவே ஏரி விழுங்கக்கூடும் என்று அறிந்தவனிடம், பத்து ஆண்டு கழித்துக் கொல்லும் நோயைக் காட்டிப் பயமுறுத்துவது எப்படிப் பலிக்கும்?

பெண்களின் நிலை இன்னும் கொடுமை. கென்யக் கரையில் படகு ஆண்களுடையது. மீனை வாங்கி, உலர்த்தி, சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள் பெண்கள். மீன் குறையக் குறைய, காசு கொடுத்தாலும் மீன் கிடைப்பதற்கு மீனவனோடு படுக்க வேண்டும் என்ற வழக்கம் இறுகியது. அதற்கு ‘ஜபோயா’ என்று பெயர். கணவனை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த விதவை, பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற அதே நோயின் வாசலில் நிற்க நேர்ந்தது. கிசுமு நகருக்கு அருகே ந்டுரு என்ற கரையில் சில பெண்கள் 2011 வாக்கில் இதற்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தார்கள். அமெரிக்க உதவிப் பணத்தில் படகுகள் வாங்கி, ஆண்களைக் கூலிக்கு அமர்த்தி, மீனுக்குத் தாங்களே முதலாளி ஆனார்கள். துணிச்சலான ஏற்பாடு, பலன் தந்த ஏற்பாடு. ஆனால் மரப்படகுகள் பழுதாகிக்கொண்டே வந்தன. 2020-ல் ஏரி வரலாறு காணாத உயரத்துக்கு ஏறி ஊரையே மூழ்கடித்தது.

ராக்காயில் வேறு கதை நடந்தது. மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல் பரிசோதனையும் மாத்திரையும் மீனவர் ஊர்களுக்கே போயின. 2011-க்கும் 2017-க்கும் இடையே, தொற்றுள்ளவர்களில் மருந்து எடுப்போர் 16 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்தார்கள். தொற்றும் வாய்ப்பைக் குறைக்க ஆண்களுக்கு விருத்தசேதனமும் பரவலாகச் செய்யப்பட்டது. புதிதாகத் தொற்றுவோர் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. திருந்தாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அதே மனிதர்கள்தான், மருந்து கைக்கு எட்டியதும் தவறாமல் விழுங்கினார்கள்.

தண்ணீர் கொல்லும் இன்னொரு விதம் ஓசையில்லாதது. பல இறங்குதுறைகளில் குழாய் கிடையாது. மணலிலும் பாறையிலும் கழிப்பறைக் குழி நிற்பதில்லை. தோண்டினால் சரியும், அல்லது நீர் ஊறும். குளிப்பது, துவைப்பது, மலம் கழிப்பது, குடிப்பது எல்லாம் ஏரிக்கரையில்தான். உகாண்டாவின் மக்கள்தொகையில் மீனவர் சமூகங்கள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. ஆனால் 2011-15 காலத்தில் அந்நாட்டில் காலராவால் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேல் அவர்களே.

பில்ஹார்சியா நோய் இன்னும் மெதுவாகக் கொல்லும். மலத்தோடு நீரில் கலக்கும் ஒரு புழுவின் முட்டை பொரிந்து நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது; பிறகு நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. வலை இழுக்கும் ஆணும், மீன் அலசும் பெண்ணும், நீரில் விளையாடும் குழந்தையும் அதற்கு ஒன்றே. அது உடலுக்குள் இடும் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் ஈரலில் தங்கித் தழும்பேறி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, உணவுக்குழாயின் சிரைகள் புடைக்கின்றன. ஒருநாள் அவை வெடித்து ரத்த வாந்தி வரும். தீவில் இருப்பவரை ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கப் பல மணிநேரப் படகுப் பயணம். காற்று அடித்தால் அதுவும் இல்லை.

புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் மாத்திரை விலை மலிவானது. அரசுகள் ஊர் முழுவதற்கும் கொடுக்கின்றன. ஆனால் பெரிதாகவும் கசப்பாகவும் இருந்த அந்த மாத்திரை, பள்ளி வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குக் கிடைக்காமலே இருந்தது. தாயின் இடுப்பிலிருந்து நீரில் இறங்கும் வயதிலேயே தொற்று தொடங்கிவிடுகிறது. சிறு குழந்தைகளுக்கென நீரில் கரைத்துக் கொடுக்கும் புதிய வடிவத்துக்கு ஐரோப்பிய மருந்து ஆணையம் 2023 டிசம்பரில் சாதகமான கருத்து அளித்தது. அதை விழுங்கிய குழந்தை மறுநாள் அதே கரையில் இறங்கினால் புழு மீண்டும் புகும். ஊருக்குக் குழாயும், மணலில் சரியாத கழிப்பறையும் இன்னும் வரவேண்டியிருக்கின்றன.