மனவடு: ஒரு சொல்லின் மூன்று பொருள்களும் கடந்த காலத்தோடு இணங்கி வாழ்தலும்

போர், பேரிடர், வன்முறை முதலியவற்றால் உள்ளத்தில் நேரும் பாதிப்பை உளமருத்துவம் 'ட்ராமா' என்கிறது. கிரேக்கத்தில் இச்சொல்லுக்குக் காயம் என்பதே பொருள். தமிழில் அதிர்ச்சி, உளக்காயம், மனக்காயம் எனப் பல சொற்கள் வழங்கினும் இலங்கையின் வடபகுதியில் நிலைபெற்றது 'மனவடு' என்னும் சொல்லாகும். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமிழில் எழுதிய நூலொன்றின் பெயரும் அதுவே. போரின் உளவியல் பாதிப்பைப் பற்றி அவர் 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் தலைப்பும் 'வடுப்பட்ட மனங்கள்' என்றே பொருள்படும். காயத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் வடுவைக் குறிக்கும் சொல் அமர்ந்தது வெறும் மொழிபெயர்ப்பு நெகிழ்ச்சியன்று. துயருற்றவர் தம் கடந்த காலத்தோடு இணங்கி வாழ்தல் என்பது யாது என்ற வினாவுக்கு அச்சொல்லுக்குள்ளேயே மூன்று விடைகள் உள்ளன.

பொதுவழக்கில் வடு என்பது ஆறிய புண்ணின் தழும்பு. திருக்குறளின் 129ஆம் பாடலோ தீயால் நேர்ந்ததைப் புண் என்றும் நாவால் நேர்ந்ததை வடு என்றும் வேறுபடுத்துகிறது. ஆறிப்போதலால் முன்னது புண். ஆறாது கிடத்தலால் பின்னது வடு என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். இவை தவிர, குற்றம், பழி என்ற பொருளிலும் குறள் இச்சொல்லை ஆள்கிறது. ஆறியதன் அடையாளம், ஆறாதது, பழி என்னும் இம்மூன்றும் ஒரே சொல்லில் தங்கியுள்ளன.

முதற்பொருளே மருத்துவத்தின் இலக்கு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கீட்டு நோய் 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்றது. நடந்து முடிந்த நிகழ்வு முடிந்ததாக உணரப்படாமையே இந்நோயின் மையம். குண்டுவீச்சு நின்று பல்லாண்டு கழிந்த பின்னும் ஒரு வெடியோசை உடலைப் பதுங்கச் செய்கிறது. கனவில் அதே இரவு மீள்கிறது. அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனிதர் தவிர்க்கிறார். ஆகவே குணமடைதல் மறத்தல் ஆகாது. நிகழ்வை இறந்த காலத்தில் சொல்ல இயலுதலே குணமடைதல். ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் இதற்கு மூன்று படிநிலைகளை வகுத்தார்: பாதுகாப்பை நிலைநாட்டல், நினைவுகூர்ந்து துயர்காத்தல், வாழ்வோடு மீண்டும் இணைதல். வரிசை இங்கு முதன்மையானது. பாதுகாப்பு உறுதியாகாத நிலையில் ஒருவரைப் பேசத் தூண்டுவது புண்ணை மீண்டும் கீறுவதற்கு ஒப்பாகும்.

யாழ்ப்பாணத்தில் இத்துயர் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே வெளிப்பட்டது. தலையிடி, நெஞ்சுநோ, பெருமூச்சு, உறக்கமின்மை, ஓயாத 'யோசனை' என்றே மக்கள் முறையிட்டனர். மந்திர உச்சாடனம், செபமாலை, மூச்சுப்பயிற்சி, சாந்தி ஆசனம் முதலிய பழகிய வழிகளைச் சிகிச்சையோடு இணைத்ததற்கு இதுவே காரணம். உள்ளத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசும் மரபில்லாத இடத்தில் உடலை அமைதிப்படுத்துவதிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

வடுவின் பழி என்னும் பொருள் இங்கேதான் குறுக்கிடுகிறது. 'விசர்' என்னும் ஒரு சொல் குடும்பத்தின் திருமணப் பேச்சுகளையே நிறுத்தக்கூடியது. எனவே குணமடைந்தவரும் மாத்திரையை மறைத்து உண்கிறார். மருத்துவமனையில் கழிந்த மாதங்களை வேறொரு கதையால் நிரப்புகிறார். நினைவுகூர்தலை ஒரு படிநிலையாக மருத்துவம் வேண்ட, சுற்றம் மௌனத்தை வேண்டுகிறது. நோயின் அறிகுறிகள் நீங்கியும் கடந்த காலத்தோடு இணக்கம் கைகூடாமைக்கு இம்முரண் ஒரு முக்கியக் காரணமாகும். இதனைத் தனிமனிதரின் மனவலிமைக் குறைவாகக் கருதுவது பிழை. தனிமனிதரோடு குடும்பமும் ஊரும் சிதைவதைச் சோமசுந்தரம் 'கூட்டு மனவடு' என்னும் கருத்தால் விளக்கியதும் இங்கு நினைக்கத் தக்கது.

ஆறாதது என்னும் பொருளுக்கு மிகக் கடுமையான சான்று காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள். வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், உறுதிப்படாத இழப்பு என்னும் கருத்தை உருவாக்கினார். இறப்பு உறுதியானால் துயர் தொடங்கும். தொடங்கியது ஒருநாள் தணியும். உறுதிப்படாத இழப்பில் துயர்காத்தல் தொடங்கவே வழியில்லை. ஈழத்துச் சைவ மரபில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம், தந்தைக்கு ஆடி அமாவாசை விரதம், தாய்க்குச் சித்திராபௌர்ணமி விரதம் எனத் துயருக்குக் கால எல்லைகள் உண்டு. இச்சடங்குகள் யாவும் இறந்த நாளை அறிந்திருப்பதையோ, இறப்பை ஏற்றிருப்பதையோ வேண்டுவன. கணவன் காணாமற்போன பெண் பொட்டை அழித்தால் அவனைத் தானே இறந்தவனாக்கியதாக உணர்கிறாள். இட்டுக்கொண்டாலோ ஊரின் கேள்விக்கு ஆளாகிறாள்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அதே ஆண்டில், மரணச் சான்றிதழுக்கு மாற்றாக, ஒருவர் காணப்படவில்லை என்பதைப் பதிவுசெய்யும் சான்றிதழுக்கும் சட்ட இடம் கிடைத்தது. உறவினரை இறந்தவரென எழுதிக்கொடுக்க வேண்டிய கொடுமையிலிருந்து அது குடும்பங்களைக் காத்தது. சொத்து, வங்கிக்கணக்கு முதலியவற்றில் பயனும் உண்டு. ஆயினும் அவருக்கு நேர்ந்தது என்ன என்பதற்கு அத்தாளில் விடையில்லை. 2017 தொடக்கத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் சாலையோரப் பந்தல்களில் படங்களோடு அமர்ந்தது அவ்விடையைக் கேட்டே. கடந்ததை விட்டு முன்னே செல்லுமாறு அவர்களுக்குக் கூறப்படும் அறிவுரை, இன்னும் இறந்த காலமாகாத ஒன்றைக் கடந்த காலம் என்று அழைக்கிறது.