காகிதத்தில் ஒரு விறகுக்கட்டை!

குட்டீஸ்... பழைய செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டி அடுப்பில் வைத்தால் எவ்வளவு நேரம் எரியும்? 'குப்'பென்று பற்றும், நீங்கள் ஐம்பது எண்ணுவதற்குள் சாம்பலாகிவிடும். ஒரு டம்ளர் வெந்நீர்கூட கிடைக்காது. அதே காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கி, அழுத்தி, வெயிலில் காயவைத்துப் பாருங்கள்... விறகுக்கட்டை போல நின்று எரியும். 'தண்ணீரில் நனைத்த காகிதம் எரியுமா?' என்று சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டினம் என்று ஓர் ஊர் உண்டு. கடலோரத்துப் பூம்புகாரின் பழைய பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயரில்தான் காவேரி, இங்கே ஓடுவது தென்பெண்ணை ஆறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூரைக் கடந்து, கே.ஆர்.பி. அணையில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு இந்த ஊருக்கு வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து உள்ளே நகர்ந்தபோது, இதே மாவட்டத்தைச் சேர்ந்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த கார்களையும் வேன்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றது. தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் எல்லாம் பதறிப் போயின.

இப்படிப்பட்ட நாளில் காஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? சாலையில் தண்ணீர், சிலிண்டர் வண்டி வராது. கரண்ட் இல்லாததால் மின்சார அடுப்பும் உதவாது. விறகு இருந்தாலும் அது ஊறிப் போயிருக்கும். வீட்டில் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை இருந்தால் வெந்நீருக்காவது நெருப்பு வேண்டுமே!

மழைதான் என்றில்லை. 2022-ல் இலங்கையில் பணத்தட்டுப்பாட்டால் சமையல் காஸ் வரத்து நின்றுபோய், மக்கள் காலி சிலிண்டர்களோடு நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். விறகடுப்பை மறந்தே போயிருந்த நகரத்து வீடுகளில்கூட மீண்டும் புகை எழுந்தது. 2015-ல் நேபாளத்துக்குள் எரிபொருள் லாரிகள் வராமல் போனபோது, சிலிண்டரில் பாதி அளவு மட்டும் காஸ் நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த நாட்டில், காகிதக் கூழோடு மரத்தூளும் செடி கொடிகளும் சேர்த்து எரிகட்டி செய்யும் முறையை முன்பே பலருக்கும் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

நமக்கும் இது ஒன்றும் புதிதல்ல. சாணத்தோடு வைக்கோல் கூளம் கலந்து சுவரில் தட்டும் வரட்டி இருக்கிறதே, அதற்கு இது தம்பி! அந்தக் காலத்தில் குமுட்டி அடுப்பில் எரிப்பதற்கு, மிஞ்சிய கரித்தூளைச் சாணத்தோடு பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைப்பார்கள். உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இன்னும் நிறையச் சொல்வார்.

சரி, செய்முறைக்கு வருவோம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறைதான் இதற்கு ஏற்ற காலம். காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி பக்கம் அப்போது மாம்பழ சீசன் வேறு. மாம்பழப் பெட்டிக்குள் மெத்தையாகப் போட்ட கசங்கிய செய்தித்தாள், கிழிந்த அட்டைப்பெட்டி, எழுதி முடித்த நோட்டு, உடைந்த முட்டை அட்டை எல்லாம் கிடைக்கும். முட்டை அட்டை காகிதக் கூழிலேயே செய்ததுதான். தண்ணீர் பட்டதும் எளிதில் கரைந்துவிடும்.

ஸ்டேப்ளர் பின், செலோடேப் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழியுங்கள். பக்கெட் தண்ணீரில் இரண்டு நாள் ஊறட்டும். பிறகு ஒரு தடிக்குச்சியால் இடித்துக் கலக்கினால் இட்லி மாவு பதத்தில் கூழ் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு மரத்தூளோ, உமியோ, நொறுக்கிய கடலைத் தோலோ சேர்த்துக் கொள்ளுங்கள். காகிதத்தை மட்டும் வைத்துச் செய்தால் கட்டை புகைந்துகொண்டே இருக்கும். உமியும் தூளும் நடுவில் இருந்தால் காற்று நுழைய இடம் கிடைக்கும்.

அச்சுக்கு, நாலு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு போதும். பக்கவாட்டில் துளைகள் போட வேண்டும். அது பெரியவர்கள் வேலை. குழாயைத் தரையில் நிறுத்தி, நட்டநடுவே கட்டைவிரலைவிடச் சற்றே பருத்த குச்சி ஒன்றை வைத்துச் சுற்றிலும் கூழைப் போடுங்கள். நடுவில் ஓட்டையுள்ள மரத்துண்டு ஒன்றைக் குச்சியில் கோத்து, மேலிருந்து அழுத்துங்கள். துளைகள் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அது நின்றதும் குச்சியை உருவிவிட்டு, கூழைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளினால், உளுந்து வடையின் அண்ணன் போல ஓட்டையோடு ஒரு கட்டை வெளியே வரும்!

'பசை எதுவும் சேர்க்கவில்லையே, எப்படி ஒட்டிக்கொள்ளும்?' என்று கேட்பீர்கள். காகிதம் என்பது மரத்தின் மெல்லிய நார்கள்தான். ஊறும்போது நார்கள் பிரிகின்றன. காயும்போது ஒன்றோடொன்று பின்னி இறுகுகின்றன. ஆலையில் காகிதம் உருவாவதும் இப்படித்தான். நாம் அதைத் தாளாக்காமல் கட்டையாக்குகிறோம், அவ்வளவே.

தாள் ஏன் 'குப்'பென்று எரிந்தது என்பதும் இப்போது புரியும். மெல்லிய தாளுக்கு இரண்டு பக்கமும் காற்று. கட்டையிலோ வெளிப்பக்கம் மட்டுமே காற்றைத் தொடுகிறது. அது எரிந்த பிறகுதான் அடுத்த அடுக்குக்கு முறை வரும். நடு ஓட்டை குட்டிப் புகைபோக்கி மாதிரி. சூடான காற்று அதன் வழியே மேலேற, கீழேயிருந்து புதுக் காற்று உள்ளே வரும்.

இந்த வேலையில் பொறுமை தேவைப்படுவது காயவைப்பதற்குத்தான். 30 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும், கொதித்த தண்ணீரை முழுவதும் ஆவியாக்க! ஈரக்கட்டையை அடுப்பில் வைத்தால், நெருப்பு முதலில் அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே களைத்துப்போகும். உங்களுக்கு மிஞ்சுவது கண்ணெரிச்சல்தான். எனவே, நல்ல வெயிலில் ஒரு வாரமாவது புரட்டிப் புரட்டிக் காயவையுங்கள். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? தினமும் மாலையில் ஒரே கட்டையை எடை போட்டு எழுதி வாருங்கள். மூன்று நாள் எடை மாறாமல் நின்றால், காய்ந்துவிட்டது என்று பொருள்.

எல்லாக் காகிதமும் இதற்கு ஆகாது. டீ கப், பளபளக்கும் பரிசுத்தாள், ஜூஸ் அட்டை ஆகியவற்றில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். எரித்தால் நச்சுப்புகை வரும். கிழித்துப் பாருங்கள், ஜவ்வு மாதிரி இழுபட்டால் தூர வைத்துவிடுங்கள். கடைகளில் தரும் வழவழ பில்லும் வேண்டாம். அதில் ரசாயனப் பூச்சு உண்டு. வழுவழு பத்திரிகைத் தாளில் களிமண், சுண்ணாம்புத் தூள் அதிகம் என்பதால் சாம்பல்தான் நிறைய வரும்.

'அப்படியானால் தினமும் இதிலேயே சமைக்கலாமே?' ஒரு கணக்குப் போடுவோம். 1 கிலோ காஸில் இருக்கும் வெப்பம், 1 கிலோ காகிதத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் காஸ் அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குப் போகும். மூன்று கல் அடுப்பில் பெரும்பகுதி வெப்பம் காற்றோடு போய்விடும். ஆக, 1 கிலோ காஸுக்கு ஈடாக ஏறக்குறைய 10 கிலோ காகிதம் வேண்டும். 14.2 கிலோ சிலிண்டருக்கு? பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்! அடுப்பைத் திருத்தினால் கணக்கும் கொஞ்சம் மாறும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 1980-களில் 'அஸ்த்ரா ஒலே' என்று விறகு மிச்சமாகும் அடுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 'ஒலே' என்றால் கன்னடத்தில் அடுப்பு. ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை!

இன்னொன்றும் உண்டு. நல்ல காகிதத்தை எரிப்பதைவிடப் பழைய பேப்பர் கடையில் போடுவதே மேல். அதே நாரை ஐந்தாறு முறை மறுபடியும் காகிதமாக்கலாம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையின் கதை, நம் கதைக்கு நேர் எதிர். அதுவரை சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையைக் கொதிகலனில் போட்டு எரித்துவந்தன. காகித ஆலை அவர்களுக்கு நிலக்கரியைக் கொடுத்துச் சக்கையை வாங்கிக் காகிதம் செய்தது. எரிய வேண்டிய சக்கை காகிதமாகிவிட்டது! ஆகவே, கடைக்காரர் வாங்காத கிழிசல், நனைந்த அட்டை, உடைந்த முட்டை அட்டை ஆகியவற்றை மட்டும் கட்டைக்கு ஒதுக்குங்கள். பஜ்ஜி மடித்த எண்ணெய்க் காகிதம் கூழாகாது. ஆனால், அடுப்புப் பற்றவைக்க அதைவிடச் சிறந்தது இல்லை.

எரிக்கும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். முற்றத்திலோ, தாழ்வாரத்திலோ காற்றோட்டமான இடத்தில்தான் அடுப்பு. கதவு, ஜன்னலைச் சாத்திய அறைக்குள் எரித்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். மழை நாளிலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலில் இரண்டு சுள்ளியைப் பற்றவைத்து, தணல் வந்ததும் கட்டையை வையுங்கள்.

இருபது முப்பது கட்டைகள் சேர்ந்ததும் சாக்கில் கட்டி, அடுப்புக்குத் தள்ளி, ஈரம் படாமல் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருநாள் இறக்கி மறுபடி வெயில் காட்டி, எடையைப் பழைய கணக்கோடு ஒத்துப் பாருங்கள். கூடியிருந்தால் ஈரம் குடித்திருக்கிறது. இன்னும் இரண்டு நாள் காயட்டும்.