ஆறு மணி நேரப் போரும் ஐயாயிரம் ரூபாயும்

1

எம்.எம்.டி.ஏ. மாத்தூரில் இருக்கும் தோழர் ஒருவர் என்னிடம் ஒரு பஞ்சாயத்தைக் கொண்டுவந்தார். அவர் பழைய தொழிற்சங்க ஆள். மகன் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். பையன் காசு சேர்த்து முதலில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் வாங்கினான். பிறகு ரூ. 4,999 கொடுத்துப் புதிதாக வந்த சுடும் ஆட்டம் ஒன்றின் டிஸ்க் வாங்கினான். அதிலிருந்த கதைப்பகுதி (பசங்கள் ‘ஸ்டோரி மோடு’ என்பார்கள்) சனிக்கிழமை ராத்திரி தொடங்கி ஞாயிறு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

‘ஒரு வாரக் கூலி தோழர். ஒரே நாள்ல முடிச்சிட்டு உக்காந்துனுகிறான். இன்னா கணக்கு இது?’ என்றார் தோழர்.

பையன் சொன்ன பதில்: ‘கதை சூப்பரா இருந்துச்சு மாமா. ஆனா நைனா சொல்றதும் கரெக்டுதான். காசுக்குத் தகுந்த நேரம் வரல.’

இருவரும் சண்டை போட்டுக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விலையை நேரத்தால் வகுத்துப் பார்ப்பது என்பதே அது. ஐயாயிரத்தை ஆறால் வகுத்தால் மணிக்கு 833 ரூபாய். இருநூறு ரூபாய் டிக்கெட்டில் இரண்டரை மணி நேரப் படம் பார்த்தால் மணிக்கு 80 ரூபாய். கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, யாருக்குச் சாதகமானது என்று கேட்பதுதான் நம் வேலை. வீடியோ கேமைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதுவதே அரிது. எழுதினாலும் ‘இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள்’ என்ற அறநெறிப் புலம்பலோடு முடித்துக்கொள்கிறோம். ஆட்டம் ஒரு பண்டம், அதே சமயம் ஒரு பிரதி. இரண்டாகவும் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் நீளம் என்பதை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அதன் கதை தீர்மானிப்பதில்லை. காசு வாங்கும் முறைதான் தீர்மானிக்கிறது.

1978இல் டைட்டோ நிறுவனத்தின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்தபோது அது காசு போட்டு ஆடும் எந்திரம். அங்கே ஆட்டக்காரர் சீக்கிரம் சாக வேண்டும். செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். ஆட்டமும் போகப்போக வேகமெடுத்தது. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் ‘டூம்’ ஆட்டத்தை வெளியிட்டபோது மூன்று அத்தியாயங்களில் முதலாவதை இலவசமாகவே கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் தரலாம். மிச்சத்துக்குத்தான் காசு. இங்கே சுருக்கமான கதைப்பகுதி என்பது விளம்பரம், தூண்டில்.

நம்மூருக்கு வருவோம். 2000இல் வந்த ‘ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.’யைத் தெரியாத கம்ப்யூட்டர் சென்டர் பையன் அந்தத் தலைமுறையில் உண்டா? அதில் பலபேர் சேர்ந்து ஆடும் வசதியே கிடையாது. தனியாள் ஆட்டம் மட்டும், மொத்தம் 14 கட்டங்கள். ஆனால் மாதக்கணக்கில் ஆடினார்கள். காரணம், கட்டத்தின் நடுவில் சேமித்துவைக்கும் வசதி இல்லை. கடைசிக் கதவருகே ஒரு குண்டு பட்டுச் செத்தால் மறுபடி வேலிக்கு வெளியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நீளம் கதையால் வந்ததல்ல, திரும்பத் திரும்பச் செய்ததால் வந்தது. அதையே இன்று ‘அந்தக் காலத்து கேம்லாம் எவ்ளோ பெருசு’ன்னு நினைவுகூர்கிறோம்.

இதில் பலர் ஆடியது பர்மா பஜாரில் வாங்கிய காப்பி சி.டி. ஒரே சி.டி.யில் அடங்குவதற்காக நடுநடுவே வரும் கதைக்காட்சிகளை வெட்டியெறிந்த ‘ரிப்’ பதிப்புகளும் அதில் உண்டு. யாரைச் சுடுகிறோம், எதற்குச் சுடுகிறோம் என்பதே தெரியாமல் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நாம். விலை என்ற கேள்வியே அப்போது எழவில்லை. கதை என்ற கேள்வியும்தான்.

பிறகு வந்தவை மணிக்கணக்கில் வாடகை வாங்கும் கேம் கடைகள். மாத்தூரில் நான் பார்த்த ஒரு கடையில் மணிக்கு ஐம்பது ரூபாய். ஆறு மணி நேரக் கதைப்பகுதியை அங்கே ஆடினால் முந்நூறு ரூபாயோடு போச்சு. 4,999 ரூபாய்க்கு அங்கே கிட்டத்தட்ட நூறு மணி நேரம் உட்காரலாம். பையனுடைய தலைக்குள் இருப்பது இந்தக் கடையின் கணக்கு. இன்னும் ஆழமாகப் பார்த்தால் அது கூலியின் கணக்கு. தன் உழைப்பை மணிக்கணக்கில் விற்கிறவன் தன் ஓய்வையும் மணிக்கணக்கில் வாங்கப் பழகியிருக்கிறான்.

3

சரி, அப்ப அந்த விலையில என்னதான் இருக்கு?

கதைப்பகுதி ஆட்டத்திலேயே அதிகம் உழைப்பைத் தின்னும் பகுதி. ஆட்டக்காரர் ஒரே ஒருமுறை ஓடிக் கடக்கிற தெருவுக்காக ஒவ்வொரு சுவரையும், ஜன்னலையும், உடைந்த நாற்காலியையும் யாரோ உட்கார்ந்து உருவாக்க வேண்டும். நடிகர்கள் பேச வேண்டும், உடலசைவுகளைப் பதிவுசெய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் அந்தத் தெரு பின்னால் போய்விடும். பலபேர் சேர்ந்து ஆடும் பகுதியில் அப்படியில்லை. அதே அளவு தெருவைச் செய்து வைத்தால் ஆயிரம் முறை அதிலேயே சுற்றிச்சுற்றிச் சுடுவார்கள். அங்கே வருகிற எதிரியையும் கம்பெனி செய்யத் தேவையில்லை. காசு கொடுத்து வந்த இன்னொரு ஆட்டக்காரர்தான் எதிரி.

இந்த உழைப்பு எங்கே நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஆட்டங்களுக்கான கலைவேலைகளைச் செய்துகொடுக்கும் நிறுவனங்கள் இங்கே உண்டு. பெங்களூரில் 1997இல் தொடங்கிய ‘துருவா இன்டராக்டிவ்’ அவற்றில் முன்னோடி. 2019இல் அதை ராக்ஸ்டார் வாங்கியது. ஆட்டத்தில் வருகிற பொருள்கள் பல இப்படி நம் பக்கத்து ஊர்களில் சம்பளத்துக்குச் செய்யப்படுபவை. பையன் டாலர் விலையில் வாங்குவதில் ரூபாய்க் கூலி கலந்திருக்கிறது.

முதலாளிக்குக் கணக்கு சுலபம். செலவு அதிகம், திரும்பப் பயன்படாதது எதுவோ அதை வெட்டு. 2018இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 4’ வழக்கமான கதைப்பகுதியே இல்லாமல் வந்தது. விலை மட்டும் குறையவில்லை, அதே 60 டாலர். 2023 நவம்பரில் ‘மாடர்ன் வார்ஃபேர் 3’ வந்தபோது விலை 70 டாலர். கதைப்பகுதி நான்கு மணி நேர அளவில் முடிந்துபோகிறது, அவசரமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இங்கே சுருக்கம் என்பது செறிவு அல்ல. உள்ளே இருக்கும் கடைக்கு (துப்பாக்கிக்குச் சாயம், வீரனுக்குச் சட்டை) வைத்த வாசற்படி. வாசற்படிக்கு வீட்டின் விலையைக் கேட்பது நியாயமா என்றால் நியாயமில்லை. நைனாவின் கோபம் இங்கே சரியானதுதான்.

ஆனால் குறுகியதெல்லாம் வாசற்படியா? 2016இல் வந்த ‘டைட்டன்ஃபால் 2’ ஆறு மணி நேரம் போல ஓடுவது. ஒரு கட்டத்தில் கண்ட புதுமை அடுத்த கட்டத்தில் திரும்ப வராது. அதை நூறு மணி நேரமாக இழுத்திருந்தால் செத்துப்போயிருக்கும். சிறுகதையைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று எடைபோட்டு வாங்குகிற வாசகர் நம்மில் யாராவது உண்டா?

4

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது இலவச ஆட்டம். ‘பப்ஜி மொபைல்’ 2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் ‘பி.ஜி.எம்.ஐ.’ என்ற பெயரில் திரும்பி வந்தது. விலை கிடையாது. முடிவும் கிடையாது. மணிக்கணக்குப் போட்டால் இதைவிட மலிவு உலகத்தில் இல்லை. ஆனால் முடிவில்லாத ஆட்டத்தில் விற்கப்படுவது எது? ஆட்டக்காரர் திரும்பத் திரும்ப வருவதுதான் அங்கே சரக்கு. காசு கொடுக்காதவரும் காசு கொடுக்கிறவருக்கு எதிரியாக நின்று சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்.

இன்னொரு இலவசமும் உண்டு. 2002 ஜூலை 4 அன்று அமெரிக்க ராணுவமே ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற சுடும் ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டது. ஆள் சேர்ப்பதற்காக. 2022 வரை அது நடந்தது. அங்கே விலையை யார், எதைக் கொண்டு செலுத்தினார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

ஆக ‘மலிவு’ என்பதை நேரத்தால் மட்டும் அளந்தால் ஆள்பிடிக்கிற ஆட்டம்தான் முதலிடம் பெறும். இது முக்கியம்.

உடைமை பற்றியும் யோசிக்க வேண்டும். யுபிசாஃப்ட்டின் ‘தி க்ரூ’ என்ற கார்ப்பந்தய ஆட்டம் 2014இல் விற்கப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆடும் கதையும் அதோடு செத்தது. காசு கொடுத்தவர் கையில் வெறும் டிஸ்க். அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. டிஜிட்டல் கடைகள் ‘வாங்கு’ என்று பொத்தான் வைத்தால், விற்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2022இன் ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ டிஸ்கில் இருந்ததே சுமார் 70 எம்.பி. மிச்சமெல்லாம் இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டியது. நாம் வாங்கியது ஆட்டமல்ல, சாவி.

சர்வர் தேவைப்படாத கதைப்பகுதி இந்த வகையில் வேறுபட்டது. அதை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு தம்பிக்குத் தரலாம். டிஸ்க் இருந்தால் இரண்டாம் கைக்கு விற்கலாம். பையனிடம் இதைத்தான் கேட்டேன்: ‘முடிச்சாச்சுல்ல, டிஸ்க வித்தா எவ்ளோ தருவான்?’ ‘புதுசா இருக்கறதால மூணாயிரம் தருவான் மாமா.’ அப்படியானால் அவன் கொடுத்த விலை ஐயாயிரம் அல்ல, இரண்டாயிரம். சீக்கிரம் முடிந்ததால்தான் விலை இறங்குவதற்குள் விற்க முடிகிறது.

5

இனிப் பிரதிக்கு வருவோம். கதைப்பகுதி இருந்தால்தான் ஆட்டம் எதையாவது சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் அதை நாம் மறுக்க முடியும். 2019இன் ‘மாடர்ன் வார்ஃபேர்’ ஆட்டத்தில் ‘மரண நெடுஞ்சாலை’ என்றொரு சம்பவம் வருகிறது. அதைச் செய்தது ரஷ்யர்கள் என்கிறது ஆட்டம். அந்தப் பெயரை உலகம் அறிந்தது 1991 வளைகுடாப் போரில். குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியர்களை அமெரிக்கத் தலைமையிலான படைகள் குண்டுவீசி அழித்த சாலைக்கு வந்த பெயர் அது. ஒரு வரலாற்றை எடுத்து ஆளை மாற்றிவிட்டார்கள். இது கதையாக இருந்ததால் பிடிபட்டது, கண்டனம் எழுந்தது.

எதிர் உதாரணமும் உண்டு. 2012இல் பெர்லினின் யாகர் நிறுவனம் செய்த ‘ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்’. மணலில் புதைந்த துபாய். ஆட்டக்காரர் தன் கையாலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை வீசுகிறார். புகை அடங்கியபின் அங்கே கிடப்பது எதிரிகள் மட்டுமல்ல, எரிந்துபோன பொதுமக்கள். அந்த உடல்களுக்கு நடுவே அவர் மெல்ல நடந்துதான் போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் முடிகிற இந்த ஆட்டம், சுடுவதில் நீ அடைந்த இன்பம் என்ன என்று ஆட்டக்காரரையே திருப்பிக் கேட்கிறது. முடிவு இருப்பதால்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது. முடிவில்லாத ஆட்டத்தில் செத்தவன் முப்பது விநாடியில் அடுத்த சுற்றுக்கு எழுந்துவந்துவிடுவான். 2024 ஜனவரியில் அந்த ஆட்டமும் உரிமப் பிரச்சனையால் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்களிடம்தான் இருக்கிறது.

6

கடைசியாக, நேரம் யாரிடம் இருக்கிறது? நூறு மணி நேர ஆட்டத்தை ‘காசுக்கேற்ற சரக்கு’ என்று மெச்சுபவர், நூறு மணி நேரம் உள்ளவர். மாணவரிடம் நேரம் இருக்கிறது, காசில்லை. நிரந்தர வேலைக்காரரிடம் கொஞ்சம் காசு, கொஞ்சம் நேரம். ஒப்பந்தத் தொழிலாளியிடம் இரண்டும் இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது நினைவிருக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் அது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 1923இல் சிங்காரவேலர் இதே சென்னையில் மே தினம் கொண்டாடி நூறாண்டு முடிந்த நாள் அது. தோழரும் அந்த எதிர்ப்பில் நின்றவர்தான்.

அவரிடம் இதைச் சொன்னேன். எட்டு மணி நேரம் கேட்டது மிச்ச நேரம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே? அந்த மிச்சத்தில் உங்கள் பையனுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி கிடைக்கிறது. அந்த ராத்திரிக்குள் தொடங்கி முடிகிற ஒரு கதை அவனுக்குப் பொருந்துகிறது. நூறு மணி நேர ஆட்டத்தை அவன் வாங்கினால் பாதியில் விட்டுவிடுவான், பாதிக் காசு வீண்.

ஆகவே ‘விலை தகுமா’ என்பதற்கு என் பதில் இது. நீளத்தைக் கேட்காதீர்கள். நான்கு விஷயங்களைக் கேளுங்கள். அது முழுமையாக முடிகிறதா, அல்லது கடைக்கு வாசற்படியா? சர்வர் இல்லாமல் ஓடுமா? கைமாற்ற முடியுமா? யாரை எதிரியாகக் காட்டுகிறது, ஏன்? முதல் மூன்றுக்கும் ஆம் என்றால் ஆறு மணி நேரம் போதும். ஆனால் ரூ. 4,999 அப்போதும் அதிகம்தான். ஒரு வாரக் கூலி என்பது எந்தக் கதைக்கும் நியாயமான விலையல்ல. அது கூலியின் குறைவைத்தான் காட்டுகிறது. வெளிவந்த அன்றே வாங்காமல் ஆறு மாதம் பொறுத்தால் விலை பெரும்பாலும் இறங்கிவிடும். பையனுக்கு நான் சொன்ன நடைமுறை யோசனை அவ்வளவுதான்.

தோழர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, ‘சரி, அதுல யாரடா சுட்ட?’ என்று கேட்டார். பையன் யோசித்தான். ‘தெரியல நைனா. ஏதோ ஒரு ஊர்க்காரனுங்க.’ 

‘போட்டுக் காட்டு, பாக்கலாம்’ என்றார். டிஸ்கை விற்பது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று.